மலையில் வேலை இருக்கிறது, யாருக்கு எந்த வேலை?

"மலைக்குச் சுற்றுலா வந்தால் உள்ளூர் இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும்." இதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அமைச்சர் சொல்வார், ரிசார்ட் முதலாளி சொல்வார், கல்லூரிக்கு வேலைவாய்ப்பு முகாம் நடத்த வருகிறவரும் சொல்வார். அது பொய் இல்லை. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் ஏற்காட்டிலும் வால்பாறையிலும் வேலை இருக்கத்தான் செய்கிறது. அடுத்த கேள்வியைத்தான் யாரும் கேட்க விடுவதில்லை: எந்த வேலை, யாருக்கு?

ஒரு நடுத்தர ரிசார்ட்டின் வாசலில் தொடங்கிப் பின்கட்டு வரை நடந்து பாருங்கள் தோழர்களே. முன் மேசையில் ஆங்கிலம் பேசுகிற, 'பார்க்க நல்லா இருக்கிற' பிள்ளைகள். உணவுக் கூடத்தில் பரிமாறுகிறவர்கள் சட்டைக்குப் பித்தான் போட்டு நிற்பார்கள். அடுப்படியில் செஃப். அவருக்குப் பின்னால் காய் நறுக்குகிறவர். அவருக்கும் பின்னால், ஈரத் தரையில் நின்றபடி அண்டா தேய்க்கிறவர். அந்த வேலைக்கு 'கிச்சன் ஸ்டூவர்டிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, கைதான் புண்ணாகிறது. அதைத் தாண்டினால் படுக்கை விரிப்பு துவைக்கும் இடம், குப்பை பிரிக்கும் இடம், கடைசியில் சரிவில் இறங்கினால் செப்டிக் டேங்க். முன்னாலிருந்து பின்னால் போகப் போகச் சாதி கீழே இறங்கிக்கொண்டே போகும். விதிவிலக்கு உண்டு. ஆனால் விதிவிலக்கைக் காட்டித்தான் விதியை மறைப்பார்கள் என்பதும் நமக்குத் தெரியும்.

இப்போது இந்தப் பின்கட்டில் ஜார்க்கண்ட், ஒடிசா, அசாம், நேபாளப் பிள்ளைகள் நிறைய வந்துவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் அங்கேயும் தலித்துகளும் பழங்குடிகளும் என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். எட்டுப் பேருக்கு ஓர் அறை, வாரம் ஏழு நாள் வேலை, சீசன் முடிந்ததும் ஊருக்கு டிக்கெட். அவர்கள் நம் வேலையைப் பிடுங்கிக்கொண்டதாகச் சொல்கிறவர்களிடம் ஒன்று சொல்லிவைப்போம்: வரிசையில் பின்னால் நிற்கிற இருவரைச் சண்டைக்கு விட்டால் முன்னால் நிற்கிறவனுக்கு வசதி.

வேலைக்குச் சேர்க்கும்போது சாதி கேட்பதில்லை என்று மேலாளர்கள் சத்தியம் செய்வார்கள். நேராகக் கேட்க மாட்டார்கள்தான். எங்களோடு படிப்பு வட்டத்தில் இருக்கும் ஒரு தம்பி கேட்டரிங் பட்டயம் முடித்துவிட்டு ஒரு மலை விடுதிக்கு நேர்காணலுக்குப் போனான். 

"எந்த ஊரு தம்பி?"

"வத்தலக்குண்டு பக்கம் சார்."

"வத்தலக்குண்டுல எங்க?"

ஊர்ப் பெயர் சொன்னான். 

"ஊருக்குள்ளயா, காலனியா?"

காலனி என்றான். பரிமாறும் பிரிவுக்கு விண்ணப்பித்தவனைப் பாத்திரப் பிரிவில் போட்டார்கள். "ஆறு மாசம் பாரு, அப்புறம் மாத்தி விடறேன்" என்றார்களாம். இரண்டு சீசன் ஆகியும் மாற்றவில்லை. அவனோடு படித்த, அவனைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்த வேறு சாதிப் பையன் முதல் வாரமே தட்டைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்துவிட்டான். இதை எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது? 'காலனியா?' என்ற ஒரு சொல்லுக்கு எப்.ஐ.ஆர். போட எந்தக் காவல் நிலையம் தயாராக இருக்கிறது?

பரிமாறும் கை, சமைக்கும் கை என்பது இந்த நாட்டில் வெறும் கை அல்ல. 2018இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணை, 'எங்கள் பிள்ளைகள் இவர் கையால் சாப்பிடாது' என்று ஆதிக்க சாதியினர் தடுத்து நிறுத்தினார்கள். அது அரசு வேலை, அரசு ஆணை, அரசு அரிசி. அப்படியும் தடுத்தார்கள். ஒரு தனியார் விடுதி மேலாளர் விருந்தினர் முகம் சுளிக்கக் கூடாதென்று அதே வேலையைச் சத்தமில்லாமல் முன்கூட்டியே செய்துவிடுகிறார், அவ்வளவுதான் வித்தியாசம். உணவுப் பட்டியலையும் கொஞ்சம் பாருங்கள். செட்டிநாடு இருக்கும், கொங்கு இருக்கும், ஐயர் வீட்டுச் சமையல் என்றுகூட இருக்கும். சாதிப் பெயர் சமையலில் ஏறினால் விலை கூடுகிறது. நம் வீட்டுக் குழம்பு எந்தப் பட்டியலிலும் கிடையாது. 

தாட்கோ மூலமாகப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களைத் தரமணியில் உள்ள உணவக மேலாண்மை நிறுவனத்தில் சேர்த்துப் படிக்க வைக்கிறார்கள். நல்ல திட்டம், வரவேற்கிறோம், நம் பிள்ளைகள் கட்டாயம் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் படிக்கவைத்ததோடு அரசு கையைக் கழுவிவிட முடியாது. படித்து முடித்த பிள்ளை எந்த விடுதியில், எந்தப் பிரிவில், என்ன சம்பளத்தில் நிற்கிறது என்று மூன்று ஆண்டு கழித்துப் போய்ப் பார்க்க வேண்டும். 'வேலைவாய்ப்பு கிடைத்தது' என்ற கட்டத்தில் டிக் அடித்தால் அண்டா தேய்ப்பவரும் அந்தக் கணக்கில்தான் வருவார்.

சரி, செப்டிக் டேங்குக்கு வருவோம். மலைச் சரிவில் கட்டிய பெரும்பாலான விடுதிகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லை, தொட்டிதான். தொட்டி பெரும்பாலும் கட்டடத்துக்குக் கீழ்ப்பக்கம் இருக்கும். லாரி மேல்சாலை வரைதான் வரும், குழாய் எட்டாது. அல்லது எட்டும், ஆனால் அடியில் இறுகிப்போன சேற்றைக் குழாய் உறிஞ்சாது. சீசன் சனிக்கிழமை இரவில் தொட்டி நிரம்பிவிட்டால் முதலாளி யாருக்குப் போன் போடுவார்? வடக்கிலிருந்து வந்த பையன்களை அவர் கூப்பிடுவதில்லை. நாங்கள் பார்த்தவரை அந்த அழைப்பு இன்றும் அருந்ததியர் தெருவுக்குத்தான் போகிறது. ஒரு குவார்ட்டர், இரண்டாயிரம் ரூபாய், விருந்தினர் எழுவதற்குள் வேலை முடிய வேண்டும்.

சட்டம் இதைப் பற்றி மிகத் தெளிவாகவே பேசுகிறது. 2013ஆம் ஆண்டு மனிதக் கழிவை அகற்றும் பணிக்கு ஆட்களை அமர்த்துவதைத் தடைசெய்யும் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் ஒருவரைத் தொட்டிக்குள் இறக்குவதைக் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். பட்டியல் சாதியினரைக் கையால் மலம் அள்ள வைப்பது, 2015இல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி தனியாக ஒரு வன்கொடுமை. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனையும் இருந்தும், சாக்கடையிலும் தொட்டியிலும் இறந்தவர்களின் தேசியக் கணக்கில் தமிழ்நாடு பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. சமூகநீதி மண் என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வரிசையைப் பற்றி ஒரு நாளாவது பேசட்டும்.

"அப்படியென்றால் வேலைக்குப் போகாதே, நீயே முதலாளி ஆகு, ஹோம்ஸ்டே நடத்து" என்று அறிவுரை சொல்ல ஒரு கூட்டம் இருக்கிறது. ஹோம்ஸ்டே நடத்த முதலில் ஹோம் வேண்டும் ஐயா. மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் தலித்துகளில் பெரும்பகுதி எஸ்டேட் குடியிருப்பில் இருக்கிறார்கள். லைன் வீடு, பாடி, லயம் என்று மலைக்கு மலை பெயர் மாறும், ஓர் அறையும் ஓர் அடுப்படியும் மாறாது. வீடு கம்பெனியுடையது. ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்தால்தான் பணிக்கொடை கைக்கு வரும். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த அம்மாவுக்கு அந்த மலையில் ஒரு சென்ட் கிடையாது. அதே எஸ்டேட்டில் துரை இருந்த பங்களா இன்று 'பாரம்பரிய விடுதி'. அதே மூடுபனி, அதே காட்சி. பங்களாவிலிருந்து பார்க்கிறவனுக்கு ஓர் இரவுக்குப் பல ஆயிரம் கட்டணம், லைன் வீட்டிலிருந்து பார்த்தவளுக்கு முழங்கால் வலி.

நீலகிரியில் இந்தக் கதைக்கு இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழர்களை இந்தியா ஏற்றுக்கொள்வதாகக் கையெழுத்தானது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. அவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், அருந்ததியர். அப்படி வந்தவர்களுக்காகத்தான் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வந்தன, அதுதான் டேன்டீ. கொடைக்கானல் மலைக்குப் போனவர்களில் பலர் 1980களில் மரம் வெட்டவும் பட்டை உரிக்கவும் கொத்தடிமைகளாகச் சிக்கினார்கள். கூடலூரில் ஜன்ம நிலச் சட்டம் 1969இல் வந்தது. அதன் 17ஆம் பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்களில் குடியிருப்பவர்கள் பட்டாவும் மின் இணைப்பும் கேட்டு இன்னும் மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். மின் இணைப்பு இல்லாத வீட்டில் எந்தச் சுற்றுலாப் பயணி தங்குவார்? இந்த வரலாற்றைத் தாண்டிக் குதித்துவிட்டுத் 'தொழில்முனைவோர் ஆகுங்கள்' என்று பயிற்சி முகாம் போடுவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது.

மூணாறு பக்கம் பெட்டிமுடியை மறக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்கள் புதைந்தன, 70 பேர் போனார்கள். பெரும்பாலோர் கயத்தாறு பக்கத்திலிருந்து தலைமுறைகளுக்கு முன் கொழுந்து பறிக்கப் போன தமிழ்த் தலித் குடும்பங்கள். அவர்களில் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு வருகிற பயணிகளுக்காக வனத்துறை வண்டி ஓட்டிய தற்காலிக ஓட்டுநர்களும் இருந்தார்கள். வரையாடு காட்ட அழைத்துப்போனவர்கள் இரவு போய்ப் படுத்தது ஒற்றை அறை லயத்தில். அடுத்த நாள் கோழிக்கோட்டில் விமானம் விபத்துக்குள்ளானது. அதில் இறந்தவர்களுக்கு கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். விமானத்தில் இறந்தவர்கள் மீது நமக்கு எந்தக் கோபமும் இல்லை. உயிருக்குப் பாதி விலை போட்ட கணக்கு யாருடையது என்றுதான் கேட்கிறோம்.

வழிகாட்டி வேலைக்கு வருவோம், இளைஞர்களுக்கு இப்போது அதில்தான் ஆசை. 2018 மார்ச் 11 குரங்கணியில் காட்டுத் தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூரிலிருந்தும் வந்த இளைஞர்கள். அன்று கமாண்டோவும் ஹெலிகாப்டரும் வருவதற்கு முன்பே போர்வையில் கட்டி ஆட்களைச் சுமந்து இறக்கியவர்கள் உள்ளூர் மக்கள். அந்தப் பாதை அவர்களுக்குக் காலால் தெரியும். ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குத் தேயிலை இறக்கிய மலை அது. கயிற்று வண்டி வருவதற்கு முன்னால் அந்தப் பாரமெல்லாம் மனிதர் தலையிலும் மாட்டு முதுகிலும்தான் போனது. அந்தப் பாரத்தைத் தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வழி தெரியாது, சென்னையில் இணையதளம் வைத்திருக்கிறவருக்குத் தெரியும் என்று நம்பியதன் விலையும் அந்தச் சாவில் இருக்கிறது.

அதன்பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அரசே திறந்து, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களுக்குப் பயிற்சியும் சீருடையும் கொடுத்தது. முந்தைய காட்டுத்தனத்தைவிட இது எவ்வளவோ மேல், மனதாரச் சொல்கிறோம். பழங்குடிகளுக்கு அங்கே முதல் உரிமை என்பதில் நமக்கு இரண்டாம் பேச்சே இல்லை. அது அவர்கள் காடு. 2006 வன உரிமைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது. எங்கள் சண்டை வேறு இடத்தில். வழிகாட்டி நிரந்தரப் பணியாளரா, நடைக்கு இவ்வளவு என்று வாங்கும் தினக்கூலியா? மழைக்காலத்திலும் தீக்காலத்திலும் பாதையை மூடினால் அந்த மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரியும்? யானை மிதித்தால் காப்பீடு பயணிக்கு மட்டுமா, அவருக்கும் உண்டா? பாதைக்கு நிலம் கொடுத்த கிராம சபைக்குக் கட்டணத்தில் பங்கு உண்டா? பழங்குடி இளைஞரைச் சுவரொட்டியில் சிரிக்க வைப்பதற்கும் அவரைப் பங்குதாரர் ஆக்குவதற்கும் இடையில் உள்ள தூரம் கொழுக்குமலை ஏற்றத்தைவிடச் செங்குத்து.

கொழுக்குமலை என்றதும் ஞாபகம் வருகிறது. தோட்டம் தேனி மாவட்டத்தில், சூரிய உதயம் பார்க்கப் போகிற ஜீப் பாதையோ கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. விடிகாலை மூன்று மணிக்கு ஜீப்புகள் வரிசை கட்டும். வரிசையாக ஜீப், வரிசையாகக் கட்டணம், வரிசையாக செல்ஃபி. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர் அந்தப் படங்களில் பின்னணி. படத்துக்கு அழகு சேர்த்ததற்காக அவருக்கு யாரும் கூலி கொடுத்து நாங்கள் பார்த்ததில்லை.

மாஞ்சோலையை நாம் அறிவோம். 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 99 ஆண்டு குத்தகைக்குக் கம்பெனி எடுத்த 8,373 ஏக்கர். கூலி உயர்வும் சிறையில் கிடந்த தொழிலாளர் விடுதலையும் கேட்டு 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனவர்களைத் தாமிரபரணிக்குள் விரட்டியடித்தது போலீஸ். கைக்குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். குத்தகை முடிய நான்காண்டு இருக்கும்போதே 2024இல் விருப்ப ஓய்வு என்ற பெயரில் மிச்சமிருந்தவர்களையும் இறங்கச் சொன்னார்கள். மலையிலேயே பிறந்தவர்களுக்குச் சமவெளியில் வாடகை வீடு. காடு காடாகட்டும், புலிகள் காப்பகம் பெரிதாகட்டும், சரி. ஆனால் நாளைக்கு அந்த மலையில் சூழல் சுற்றுலா வரும்போது, வண்டி ஓட்டவும் வழி காட்டவும் விடுதி நடத்தவும் ஆள் தேவைப்படும்போது, முதல் பட்டியலில் யார் பெயர் இருக்கும்? நாலுமுக்கிலும் ஊத்திலும் ஒவ்வொரு வளைவையும் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் பெயரா, டெண்டர் எடுத்தவர் பெயரா? இதை இப்போதே எழுத்தில் வாங்காவிட்டால் பிறகு கேட்க நாம் அந்த மலையில் இருக்க மாட்டோம்.

சூழலியல் நண்பர்களோடும் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபடி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் ஊட்டிக்கு நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வந்தது. மலை மூச்சுவிட இது வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். குப்பை மேட்டில் நிற்கிறவர்கள் எங்கள் ஆட்கள்தானே! ஆனால் அந்த விவாதத்தில் யார் யார் பேசினார்கள் என்று எண்ணிப் பாருங்கள். வணிகர் சங்கம் கடையடைத்தது, விடுதி உரிமையாளர்கள் வழக்கறிஞர் வைத்தார்கள், பசுமை அமைப்புகள் கட்டுரை எழுதின. அறை துடைக்கிற பெண்ணிடம் யாரும் மைக்கை நீட்டவில்லை. அறை காலியாக இருந்தால் 'இன்னைக்கு வேண்டாம்' என்று போனில் சொல்லிவிடுவார்கள், அன்றைய கூலி போச்சு. வண்டியைக் குறையுங்கள், அதோடு சீசன் தொழிலாளிக்கு வேலையில்லா நாள் கூலியையும் விடுதியின் கணக்கில் எழுதுங்கள் என்று ஒரு பசுமை நண்பராவது மனுவில் சேர்த்திருக்கலாம்.

நம் ஆட்களிலேயே சிலர் இந்த வேலைக்கே போகாதே, மானக்கேடு என்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடு இல்லை. நகரத்தில் கணினி முன் உட்கார்ந்து அப்படிச் சொல்வது எளிது. மலையில் பிறந்த பிள்ளைக்கு அந்த மலை வேண்டும், அதில் தப்பென்ன? போகட்டும், வழிகாட்டியாக, சமையல்காரராக, மேலாளராக, உரிமையாளராகப் போகட்டும். தொட்டிக்குள் மட்டும் இறங்கக் கூடாது, எந்தப் பணத்துக்கும். பாத்திரப் பிரிவில் போட்டால் மாற்றுவதாகச் சொன்ன தேதியை எழுத்தில் வாங்குங்கள். பி.எப்., இ.எஸ்.ஐ. எண்ணை முதல் மாதமே கேளுங்கள். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் தருவார்கள். ஒருவராகக் கேட்டால் பெட்டியைக் கட்டச் சொல்வார்கள். ஆகவே சங்கம். விடுதித் தொழிலாளர்களுக்கு மலையில் ஒரு சங்கம் கட்டுவதற்கு முதல் தடை, பரிமாறுகிறவரும் கழுவுகிறவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடாததுதான். அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

மாணவத் தோழர்களுக்கு இந்தச் சீசனுக்கு ஒரு வேலை தருகிறோம். கொடைக்கானல், உதகை, குன்னூர் நகராட்சிகளுக்கும், ஏற்காடு போன்ற ஊர்களில் ஊராட்சி ஒன்றியத்துக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உரிமம் பெற்ற விடுதிகள் எத்தனை, அவற்றில் செப்டிக் டேங்க் உள்ளவை எத்தனை, கடந்த மூன்று ஆண்டில் ஒவ்வொன்றையும் எந்தத் தேதியில், எந்தப் பதிவு எண் கொண்ட லாரி சுத்தம் செய்தது, கழிவு எங்கே கொட்டப்பட்டது என்று கேளுங்கள். லாரி எண் இல்லாத விடுதியில் கை இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்தப் பட்டியலை எங்களுக்கு அனுப்புங்கள், மாவட்ட ஆட்சியரிடம் சேர்ந்து போவோம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம், 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும்.